குவாதலூப்பில் ஒரு மதியச் சாப்பாடு

காரைக்குடிக்கு வருகிற விருந்தினர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, அசல் செட்டிநாட்டுச் சாப்பாடு எந்தக் கடையில் கிடைக்கும் என்பதைத்தான். நெடுஞ்சாலையோரத்தில் ‘செட்டிநாடு’ என்று பலகை மாட்டிய கடைகளில் மிளகாய்த்தூளை அள்ளிப்போட்ட கோழியைச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களுக்கு, வெண்டைக்காய் மண்டியும் உப்புக்கறியும் கும்மாயமும் எங்கள் வீட்டு உணவுகள் என்பதே புதுச் செய்தியாக இருக்கிறது. அவர்களிடம் நான் சொல்வது எப்போதும் ஒன்றே: பன்னிரண்டரை மணிக்குள் போய்விடுங்கள், பட்டியலைக் கேட்காதீர்கள், இன்றைக்கு என்ன சமைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பாரிஸில் வேலை பார்க்கும் மகனோடு சென்ற ஆண்டு கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவுக்குப் போனபோது, அங்கேயும் இந்த வழிதான் கைகொடுத்தது.

வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல இரு பெரும் பகுதிகளாகக் கிடக்கும் அந்தத் தீவு, 1946 முதல் பிரான்ஸின் கடல்கடந்த மாவட்டம். விமானத்தில் வந்திறங்கும் பயணிகளுக்காகவே கடற்கரையை ஒட்டி உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. முதல் நாள் அவற்றில் ஒன்றில், அந்தத் தீவுப் பாணிச் சமையல் என்று பொருள்படும் ‘கிரியோல் மீன்’ கேட்டோம். உறைபெட்டியிலிருந்து எடுத்த மீனும், வறுத்த உருளைக்கிழங்கும், மேலே இரண்டு கரண்டி தக்காளிச் சாறும் வந்தன. பட்டியல் மூன்று மொழிகளில் இருந்தது, நாற்பது உணவுகளும் இருந்தன, அந்த ஊர் மட்டும் தட்டில் இல்லை.

மறுநாள் காலை புவாந்தா பித் நகரத்தில், புனித அந்தோணியார் பெயரால் அமைந்த சந்தைக்குப் போனோம். ஓர் ஊரின் உணவை அறிய விரும்புகிறவர் உணவகத்துக்கு முன்னால் சந்தைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மதராஸ் என்றே அவர்கள் பெயரிட்டு அழைக்கும் கட்டம்போட்ட துணியைத் தலையில் கட்டிய பெண்கள், பட்டை, ஜாதிக்காய், மஞ்சள், வனிலா ஆகியவற்றுக்கு நடுவே மஞ்சள் நிறப் பொடி ஒன்றைக் குவித்து வைத்திருந்தார்கள். அதன் பெயர் கொலம்போ. ஒரு கட்டுத் தழையை எடுத்து முகர்ந்து பார்த்தேன், நம் கற்பூரவள்ளியேதான். அங்கே அதற்குப் ‘பெரிய தைம்’ என்று பெயராம்; தைம் என்பது பிரெஞ்சுச் சமையலில் போடும் ஒரு வாசனை இலை. இவற்றைச் சமைத்துத் தரும் கடை எது என்று மகன் பிரெஞ்சில் கேட்க, பொடி விற்ற அம்மாள் இரண்டு தெரு தள்ளி ஒரு கடையைக் காட்டி, ஒரு மணிக்கு மேல் போனால் சட்டியில் ஒன்றும் இருக்காது என்று எச்சரித்தார்.

பெயர்ப்பலகை இல்லாத கடை அது. கரும்பலகையில் அன்றைய உணவுகள் மூன்று மட்டும் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தன: ஆட்டுக்கறிக் கொலம்போ, தக்காளிச் சாற்றில் வேகவைத்த மீன் கூர்புய்யோன், சிவப்பு அவரையில் வேகவைத்த தொம்ப்ரே. முதலில் உப்புக்கண்ட மீனில் செய்த ‘அக்ரா’ வடைகள் வந்தன. அந்த மீன் தீவின் கடலில் பிடிபடுவதன்று. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களுக்கு மலிவு உணவாக வடக்கத்துக் குளிர்கடலிலிருந்து உப்பிட்டுக் கொண்டுவரப்பட்டது. அந்த வறுமை உணவை வெங்காயத்தாளும் மிளகாயும் சேர்த்துப் பொரித்து விருந்தின் முதல் பண்டமாக உயர்த்தியவர்கள் அவர்களுடைய சந்ததியார். தொம்ப்ரே என்பது கோதுமை மாவு உருண்டை. நம் பால்கொழுக்கட்டை உருண்டையைப் பருப்புச் சாற்றில் வேகவைத்தது போல இருந்தது.

கொலம்போவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளைத் தேடினார்கள். 1854 டிசம்பரில் ஓரேலி என்ற கப்பல் குவாதலூப்புக்கு முதல் இந்தியத் தொகுதியைக் கொண்டுவந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் அவர்களில் பலர். நம் குழம்பு என்ற சொல்லே அங்கே கொலம்போ ஆகியிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள், மிளகு எல்லாம் அந்தப் பொடியில் இருக்கின்றன. வரமிளகாய் இல்லை. குடைமிளகாயைச் சுருக்கினாற்போன்ற ஒரு பச்சை மிளகாயை உடைக்காமல் முழுசாகக் கொதியில் மிதக்கவிட்டு, மணம் இறங்கியதும் எடுத்துவிடுகிறார்கள். கறியோடு கத்தரிக்காயும் சௌசௌவும் வெந்திருந்தன; தைம் இலையும் வெங்காயத்தாளும் இறுதியில் பிழிந்த எலுமிச்சையும் சேர்ந்து அதை முழுக்க வேறொரு உணவாக்கியிருந்தன.

முதல் வாயில் நான் செய்த தவறு, நம் ஆட்டுக்குழம்போடு ஒப்பிட்டுப் பார்த்ததுதான். சோம்பு எங்கே, கல்பாசி எங்கே என்று நாக்கு தேடியது. இரண்டாவது கரண்டியில்தான் அந்தத் தேடலை நிறுத்தினேன். கப்பலேறிப் போனவர்கள் ஆப்பிரிக்க வழியினரோடும் பிரெஞ்சுக்காரரோடும் நூற்றெழுபது ஆண்டுகள் வாழ்ந்து ஆக்கிய உணவு அது. நம்முடையதின் குறைபட்ட பிரதி அன்று. எங்கள் முன்னோர் பர்மாவிலிருந்து கொண்டுவந்த கவுனி அரிசி எப்படி முழுக்கச் செட்டிநாட்டுப் பண்டமாகிவிட்டதோ, அப்படித்தான் கொலம்போவும் அந்தத் தீவின் சொந்தப் பண்டம். சமையற்காரப் பெண்களுக்கென்று 1916 முதல் ஒரு சங்கம் வைத்து, ஒவ்வோர் ஆகஸ்டிலும் உணவுக் கூடைகளோடு ஊர்வலமாகத் தேவாலயம் போகும் ஊர் அது. சமைப்பவரை அவ்வளவு மதிக்கிற ஊரில் நல்ல சாப்பாடு இல்லாமல் போகாது. அது பயணிகள் உட்காரும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

மீதி எட்டு நாட்களும் அந்த முறையிலேயே சாப்பிட்டோம். மாலையில் தெருமுனை வண்டிகளில் எண்ணெயில் பொரித்த ரொட்டிக்குள் மீனோ கோழியோ வைத்துத் தரும் ‘போக்கித்’, மரவாளியில் கையால் சுழற்றி உறையவைக்கும் தேங்காய் ஐஸ் ஆகியவற்றுக்கும் உணவகம் தேவைப்படவில்லை.

திரும்பும்போது கால் கிலோ கொலம்போப் பொடி வாங்கி வந்தேன். ஆத்தா ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். “அரிசியை வறுத்துப் பொடிச்சுச் சேத்திருக்காங்க, குழம்பு கெட்டியாறதுக்கு” என்றார். அங்கே சில வீடுகளில் அப்படிச் செய்வதுண்டு என்று சந்தை அம்மாள் சொன்னதை நான் அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாங்கிக் கொலம்போ வைத்தோம். தைம் இலை காரைக்குடிக் கடையில் கிடைக்கவில்லை என்றதும் ஆத்தா பின்கட்டுத் தொட்டியிலிருந்து நாலு கற்பூரவள்ளி இலையைப் பறித்துக் கொண்டுவந்து, “இதைப் போட்டுப் பாப்பமா?” என்று கேட்டார்.