உயிரியல் கேட்டேன், கற்கள் கிடைத்தன

செப்டம்பர் 4

அறிவியல் போட்டிக்கு அணி பிரித்தாகிவிட்டது. எனக்குக் கனிமங்களை இனங்காணும் பிரிவு. செல், மரபணு என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடப் பதில் சொல்வேன். கல்லை நான் காலில் இடித்துக்கொண்டதோடு சரி. "உனக்குத்தான் பொறுமை அதிகம்" என்றார் ஆசிரியை. பாராட்டிக்கொண்டே வேலையைத் தலையில் கட்டுவது பெரியவர்களுக்குக் கைவந்த கலை.

உடன் வரும் தோழி வேதியியலில் கெட்டிக்காரி. போட்டி முறை இதுதான்: மேசைக்கு மேசை மாதிரிகளும் கேள்விகளும் இருக்கும், மணி அடித்தால் நகர வேண்டும். கைப்பட எழுதிய குறிப்புத்தாள் ஒன்று மட்டும் கொண்டுபோகலாம்.

செப்டம்பர் 6

உலகில் அங்கீகரிக்கப்பட்ட கனிமங்கள் 5,000க்கும் மேல். நல்லவேளை, போட்டிப் பட்டியல் ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிறது.

படங்களைப் பார்த்து மனப்பாடம் செய்துவிடலாம் என்றாள் தோழி. இரண்டு ஊதாப் படங்களை அவள் முன் வைத்தேன். ஒன்று குவார்ட்ஸ், மற்றொன்று ஃபுளோரைட். எது எது என்று அவளாலும் சொல்ல முடியவில்லை, புரட்டிப் பார்க்காமல் என்னாலும் சொல்ல முடியவில்லை. மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தம் என்ற ஒரே கனிமம்தான் என்பதை இன்றுதான் படித்தேன். துளி குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். இப்படி நொடிக்கொரு வேடம் போடும் நிறத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? படக்கட்டு மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.

செப்டம்பர் 9

ஆய்வகத்தில் ஒரு பழைய மாதிரிப் பெட்டி கிடைத்தது. கூடவே மெருகு பூசாத ஒரு வெள்ளைப் பீங்கான் தகடு.

கறுப்பாக, எஃகு போல மினுங்கும் ஒரு கல்லை எடுத்து அந்தத் தகட்டில் இழுத்தேன். விழுந்த கோடு செம்பழுப்பு. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்கும் சிவப்பு இல்லை. வேறொரு மூலையால் இழுத்தாலும் அதே கோடு. ஹேமடைட். பக்கத்தில் இருந்த இன்னொரு கறுப்புக் கல் கறுப்பாகவே எழுதியது, காந்தத்தைக் காட்டியதும் ஒட்டிக்கொண்டது. அது மேக்னடைட். இரண்டுமே இரும்பு ஆக்சைடுகள். பெட்டியில் அருகருகே கிடந்தால் அண்ணன் தம்பி போல இருக்கும்.

தங்கம் போல ஏமாற்றும் பைரைட்டையும் தேய்த்தோம். பார்க்கப் பித்தளை மஞ்சள், கோடாக விழுந்த தூளோ பச்சை கலந்த கறுப்பு. உண்மையான தங்கமாக இருந்தால் கோடும் தங்க மஞ்சளாகவே விழும். "இது தெரிந்திருந்தால் எத்தனை பேர் ஏமாந்திருக்க மாட்டார்கள்" என்றாள் தோழி, ஏதோ தானே நகைக்கடை வைத்திருப்பவள் போல.

குவார்ட்ஸ் கோடு போடவில்லை. அது பீங்கானைவிடக் கடினம், தகட்டைத்தான் கீறியது. அப்போது தெரியும் வெள்ளைத் தூள் கல்லுடையது அல்ல, தகட்டுடையது. இதைப் பெரிய எழுத்தில் குறித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 13

மோஸ் அளவுகோல்: கனிமங்களின் கடினத்தன்மைக்கு எண் தருவது. ஃபிரெட்ரிக் மோஸ் 1812இல் வகுத்தது. டால்க் 1, வைரம் 10. நகம் ஏறத்தாழ 2.5, கண்ணாடி 5.5.

இது வெறும் தரவரிசைதான், சம இடைவெளி கொண்ட அளவு அல்ல. 9இல் இருக்கும் குருந்தத்தைவிட வைரம் ஏறக்குறைய நான்கு மடங்கு கடினம். "அப்படியானால் எண் எதற்கு?" என்று வேதியியல்காரிக்குக் கோபம். எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது: கருவி வேண்டாம், எது எதைக் கீறுகிறது என்று பார்த்தால் போதும்.

ஒரு சூழ்ச்சி மட்டும் உண்டு. கண்ணாடியில் மென்மையான கல்லை அழுத்தி இழுத்தாலும் கோடு தெரியும். விரலால் துடைக்க வேண்டும். மறைந்தால் அது கல்லின் தூள், நின்றால்தான் கீறல்.

செப்டம்பர் 14

காய்ச்சல். படிக்கவில்லை.

செப்டம்பர் 17

தெளிவான கால்சைட் துண்டு ஒன்று, சாய்ந்த பெட்டி வடிவில். உடைந்தாலும் சில்லுகள் அதே சாய்வோடு வருகின்றன. இதுதான் பிளவு: படிகத்தின் உள்ளே பிணைப்பு வலுவற்ற தளங்களில் அது பிரிகிறது. கல்லுப்பு மூன்று திசைகளில் செங்கோணமாகப் பிரியும், மைக்கா ஒரே திசையில் ஏடு ஏடாக. குவார்ட்ஸுக்குப் பிளவே இல்லை. சிப்பியின் உட்புறம் போன்ற வளைவுகளோடு முறிகிறது.

அந்தத் துண்டைத் தாளில் எழுதிய ஒரு புள்ளியின் மேல் வைத்தேன். புள்ளி இரண்டாகிவிட்டது! கல்லை மெதுவாகச் சுழற்றினால் ஒரு புள்ளி அசையாமல் நிற்கிறது, மற்றது அதைச் சுற்றி வருகிறது. டென்மார்க்கின் எராஸ்மஸ் பார்த்தோலின் 1669இல் இதை விவரித்து எழுதியிருக்கிறார். நான் எழுத வேண்டிய பாடக்குறிப்பு அப்படியே கிடக்க, அரை மணி நேரம் சுழற்றிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 21

வெள்ளையாக ஒரு கல், கையில் எடுத்தால் கனக்கிறது. நூலில் கட்டிச் சுருள் தராசில் தொங்கவிட்டோம். காற்றில் 90 கிராம், நீரில் மூழ்கியபோது 70. இழந்தது 20, 90ஐ 20ஆல் வகுத்தால் 4.5. இதுதான் ஒப்படர்த்தி, அதாவது நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது. பேரைட். குவார்ட்ஸாக இருந்தால் 2.65தான் வந்திருக்கும். கலீனாவுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை, 7.5 ஒப்படர்த்தி உள்ளங்கைக்கே தெரிகிறது. ஈயம் அதில் இருப்பதால் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது என்று ஆசிரியை ஒருமுறைக்கு இருமுறை சொன்னார். நாக்கில் வைத்து உப்பைக் கண்டுபிடிக்கும் யோசனையும் அதோடு கைவிடப்பட்டது.

செப்டம்பர் 25

குறிப்புத்தாள் தயார். அகரவரிசையில் எழுதலாம் என்றாள் தோழி. மறுத்தேன்: பெயர் தெரிந்தால் தாளே எதற்கு? முதலில் உலோகப் பளபளப்பு உண்டா இல்லையா, பிறகு தூளின் நிறம், பிறகு கண்ணாடியைக் கீறுமா, கடைசியில் பிளவு. இப்படிக் கிளை பிரித்து எழுதியதில் பட்டியல் முழுவதும் அடங்கிவிட்டது. கயனைட்டுக்கு மட்டும் தனிக் கட்டம். அது நீளவாக்கில் 5, குறுக்குவாக்கில் 7 வரை கடினம் காட்டும். எந்தக் கிளையிலும் உட்கார மறுக்கிறது.

செப்டம்பர் 28

போட்டி முடிந்தது. ஹேமடைட் வந்தது, நல்ல சிவப்புக் கோடு. கயனைட் வரவே இல்லை.

நான்காவது மேசையில் சாய்ந்த பெட்டி வடிவில் வெளிர் கல். தோழி உடனே "கால்சைட், எழுது" என்றாள். அமிலம் வைக்கவில்லை, வைத்திருந்தால் கால்சைட் போல நுரைக்கிறதா என்று பார்த்தே தீர்த்திருக்கலாம். கடினத்தன்மைப் பெட்டியில் இருந்த கால்சைட்டை எடுத்து அந்தக் கல்லின் மேல் இழுத்தேன். துடைத்தால் கோடு போய்விட்டது. கல்லைக் கொண்டு கால்சைட்டை இழுத்தேன், கீறல் நின்றது. கால்சைட்டைப் போலவே பிளந்தாலும் அதைவிடச் சற்றுக் கடினமானது டோலமைட். அதையே எழுதினேன். மணி அடித்துவிட்டது.

வெளியே வந்ததிலிருந்து அவள் கால்சைட் என்றே வாதாடுகிறாள். முடிவு வெள்ளிக்கிழமை.