லாகுனாவில் கலெக்டர் கிடையாது

தமிழ்நாட்டிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு வந்து சேர்கிறவர் முதலில் தடுக்கி விழுவது 'டிஸ்ட்ரிக்ட்' என்ற சொல்லில்தான். நமக்கு அது மாவட்டம். கலெக்டர் ஆபீஸ், திங்கட்கிழமை மனுநாள் எல்லாம் கூடவே நினைவுக்கு வரும். இங்கே டிஸ்ட்ரிக்ட் என்பது நாடாளுமன்றக் கீழவைக்கு ஒரு உறுப்பினரை அனுப்பும் தொகுதி, அவ்வளவுதான். அதை நிர்வகிக்க அதிகாரி யாரும் இல்லை. நம் மாவட்டத்துக்கு ஓரளவு ஈடாகச் சொல்லக்கூடியது மாகாணம். அதன் தலைவருக்குப் பெயர் கவர்னர். டெல்லி அனுப்பிவைக்கும் ஆளுநர் மாதிரி இல்லை, மூன்றாண்டுக்கு ஒருமுறை ஓட்டு வாங்கி வருகிறவர்.

மணிலாவுக்குத் தெற்கே, பெரிய ஏரியை அணைத்தபடி கிடக்கும் லாகுனா மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். நம்மவர்களுக்கு இது புதிய ஊர் அல்ல. 1960இல் இந்த மாகாணத்தின் லோஸ் பான்யோஸ் ஊரில் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கும்பகோணத்துக்காரரான எம். எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை தலைமை வகித்தார். பக்கத்திலேயே பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் வேளாண் வளாகமும் இருப்பதால், ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் இந்த ஊரில்தான் வீடு தேடுகிறார்கள்.

லாகுனாவில் 6 நகரங்களும், நகரத் தகுதி பெறாத ஊர்களான 24 முனிசிபாலிட்டிகளும் உண்டு. மாகாண அரசு அலுவலகமான 'கபித்தோல்யோ' இருப்பது சாந்தா குரூஸில். கலம்பாதான் தலைநகர் என்று பலர் நினைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் மத்திய அரசின் வட்டார அலுவலகங்கள் பல அங்கே இருக்கின்றன. லோஸ் பான்யோஸ் பலகைகளில் 'அறிவியல், இயற்கைச் சிறப்பு நகரம்' என்று எழுதியிருக்கும். அது 2000ஆம் ஆண்டு அதிபர் அறிவிப்பில் கிடைத்த பட்டம். சட்டப்படி ஊர் இன்னமும் முனிசிபாலிட்டிதான். படிவத்தில் 'சிட்டி' என்று எழுதினால் திருத்திவரச் சொல்வார்கள்.

மாகாணத்தில் முன்பு நான்கு தொகுதிகள் இருந்தன. குறைந்தது 2,50,000 மக்கள் உள்ள நகரத்துக்குத் தனி உறுப்பினர் என்கிறது 1987 அரசியல் சாசனம். அதைக் காட்டி, தனித்தனிச் சட்டங்கள் வழியாக, 2016 தேர்தலில் பின்யானும் 2022 தேர்தலில் கலம்பாவும் சாந்தா ரோசாவும் தனித் தொகுதிகள் ஆயின. இப்போது லாகுனாவிலிருந்து ஏழு பேர் போகிறார்கள். கலம்பா பிரிந்தபின் இரண்டாம் தொகுதியில் மிஞ்சியவை கபுயாவ், லோஸ் பான்யோஸ், பாயே. கடைசி ஊரின் பெயரை ஆங்கிலத்தில் பார்த்து 'பே' என்று படித்துவிடாதீர்கள். லாகுனா தெ பாய் என்றால் 'பாயே ஊர் ஏரி' என்றுதான் பொருள், வளைகுடாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தனித் தொகுதி ஆனதால் கலம்பா மாகாணத்தை விட்டு வெளியேறிவிடவில்லை. அங்குள்ளவர்கள் லாகுனா கவர்னருக்கும் ஓட்டுப் போடுகிறார்கள். முழுக்கப் பிரிந்து நிற்பவை 'ஹைலி அர்பனைஸ்டு' என்ற வகை நகரங்கள். பக்கத்துக் கேசோன் மாகாணத்தின் தலைநகரான லுசேனா அப்படிப்பட்டது. கவர்னர் அலுவலகம் லுசேனாவுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் கவர்னர் தேர்தலில் லுசேனாக்காரருக்கு ஓட்டு இல்லை. லாகுனாவில் அந்த வகை நகரம் ஒன்றுகூட இல்லை.

ஊர்கள் நகரமாகத் துடிப்பது வெறும் கௌரவத்துக்காக அல்ல, காசுக்காக. மத்திய அரசின் வரிப் பங்கு மாகாணங்களுக்கு 23 சதவீதம், நகரங்களுக்கு 23, முனிசிபாலிட்டிகளுக்கு 34, இவற்றின் உட்பிரிவுகளான பரங்காய்களுக்கு 20 என்று பிரிகிறது. நகரங்கள் நூற்றைம்பதைத் தொடவில்லை, முனிசிபாலிட்டிகளோ ஆயிரத்து நானூற்றுக்கும் மேல். எந்தப் பந்தியில் இலை போட்டால் அதிகம் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சொத்து வரியும் அப்படித்தான். முனிசிபாலிட்டியில் வசூலாகும் அடிப்படைச் சொத்து வரியில் 35 சதவீதம் மாகாணத்துக்கும் 25 பரங்காய்க்கும் போய்விடும், முனிசிபாலிட்டிக்கு 40தான். நகரமாகிவிட்டால் 70 சதவீதம் தன் கையில், மீதி 30 பரங்காய்களுக்கு, மாகாணத்துக்குச் சல்லிக்காசு கிடையாது.

இனி பரங்காய். பறங்கிக்காய் நினைவுக்கு வந்தாலும் பாதகமில்லை, உச்சரிப்பு பிடிபட்டுவிடும். ஆட்சியின் கடைசிப் படி அது. குடியேறி வருகிறவருக்கு அதுதான் முதல் வாசல். லோஸ் பான்யோஸில் 14 பரங்காய்கள். ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கபித்தான் (தலைவர்), ஏழு ககாவாத் (உறுப்பினர்கள்), ஒரு இளைஞர் மன்றத் தலைவர்; செயலாளரும் பொருளாளரும் நியமனம். கபித்தானை எல்லோரும் 'கேப்' என்றுதான் கூப்பிடுவார்கள். பேசும்போது ஆங்காங்கே ஒரு 'போ' சேர்த்துக்கொள்ளுங்கள், நம் 'ங்க' மாதிரி. முனிசிபாலிட்டி அலுவலகம் 'முனிசிப்யோ', மாகாண அவை உறுப்பினர் 'போகல்', கீழவை உறுப்பினர் 'காங்'.

வீட்டு முகவரியில் பரங்காய் பெயர் இல்லாவிட்டால் எந்தப் படிவமும் நகராது. பல்கலைக்கழகத்தைச் சுற்றி இருப்பவர்கள் 'காலேஜ், லாகுனா 4031' என்று எழுதிப் பழகியிருப்பார்கள். காலேஜ் என்பது தபால் நிலையத்தின் பெயர், அப்படி ஒரு ஊர் இல்லை. அரசுப் படிவத்தில் பரங்காய் பாத்தோங் மலாக்கே, முனிசிபாலிட்டி லோஸ் பான்யோஸ் என்று முழுதாக எழுத வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே வீட்டுக்காரரிடம் எந்தப் பரங்காய் என்று கேட்டுவிடுங்கள், தெருவின் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருப்பதுண்டு. ஏரிக்கரைப் பரங்காய்களான பாயோக், மலிந்தா போன்றவற்றில் வீடு பார்த்தால், பரங்காய் அலுவலகத்திலேயே வெள்ள மட்டம் கேளுங்கள். ஆற்று வெள்ளம் ஓரிரு நாளில் வடிந்துவிடும், ஏரி ஏறினால் வாரக்கணக்கில் இறங்காது. 2009 ஒந்தோய் புயலுக்குப் பின் கரையோர ஊர்களில் தண்ணீர் மாதக்கணக்கில் நின்றது.

குடியிருப்புச் சான்று, உங்கள் மேல் புகார் இல்லை என்று சொல்லும் பரங்காய் கிளியரன்ஸ் இரண்டும் பரங்காய் அலுவலகத்தில்தான். பாஸ்போர்ட், குடிவரவுத் துறை வெளிநாட்டவருக்குத் தரும் ஐ-கார்டு, வாடகை ஒப்பந்தம் மூன்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள். ஒப்பந்தம் நண்பர் பெயரில் இருந்தால் வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். எதற்காக வேண்டும் என்று கேட்பார்கள். வங்கிக் கணக்குக்கு என்று எழுதி வாங்கியதை வேலைக்குக் காட்டினால் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள். கட்டணம் அந்தந்தப் பரங்காயின் தீர்மானப்படி. ரசீது கேட்டு வாங்குங்கள், முத்திரை அழுந்தியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கபித்தான் இல்லாத நாளில் யார் கையெழுத்துப் போடலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் இரண்டாம் நடை மிச்சம்.

பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். பிலிப்பைன்ஸ் படிவத்தில் 'மிடில் நேம்' என்றால் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர். நம்மவர்கள் அங்கே அப்பா பெயரை எழுதிவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள் ஒரு அலுவலகத்தில் அப்பா பெயரை முன்னால் போடுவார்கள், இன்னொன்றில் இனிஷியலை விரித்துப் பின்னால் போடுவார்கள். ஆறு மாதத்தில் ஒரே ஆள் மூன்று பெயரில் திரிவார். பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள், மிடில் நேம் கட்டத்தில் 'பொருந்தாது' என்று குறியுங்கள், தட்டச்சு ஆனதை அந்த இடத்திலேயே படித்துப் பாருங்கள். தேதியில் மாதம் முன்னால் வரும். 5ஆம் மாதம் 4ஆம் தேதி பிறந்தவர் ஏப்ரலில் பிறந்துவிடுவது வாடிக்கை.

கிளியரன்ஸோடு 'செடுலா' கேட்பார்கள். ஆண்டுதோறும் கட்டும் சமுதாய வரிச் சீட்டு அது. அடிப்படை 5 பெசோ, அதற்கு மேல் வருமானத்தில் ஆயிரத்துக்கு ஒரு பெசோ, இந்தக் கூடுதல் 5,000 பெசோவைத் தாண்டாது. ஆண்டுக்கு 6,00,000 பெசோ சம்பளம் என்றால் 605. பிப்ரவரி முடிந்தால் ஆண்டுக்கு 24 சதவீத வட்டி. குடியிருக்கும் ஊரில்தான் கட்ட வேண்டும். வேலை கலம்பாவில், வீடு லோஸ் பான்யோஸில் என்றால் லோஸ் பான்யோஸ் முனிசிப்யோவில். சம்பளமோ தொழிலோ சொத்தோ இல்லாத மாணவருக்குச் சட்டப்படி இது கட்டாயமல்ல. ஆனாலும் கவுன்டரில் வாதாடுவதைவிட 5 பெசோ மலிவு. செடுலாவை அடையாள அட்டையாக நம்பி நோட்டரியிடம் போகாதீர்கள், படமும் கையெழுத்தும் உள்ள அட்டைதான் அங்கே செல்லும்.

விசா விஷயத்தில் பரங்காய்க்கோ மேயருக்கோ எந்தப் பங்கும் இல்லை. ஐ-கார்டு வைத்திருப்பவர்கள் ஆண்டின் முதல் 60 நாட்களுக்குள் குடிவரவுத் துறையில் ஆஜராக வேண்டும். வீடு மாறினால் அதையும் அவர்களிடம் தெரிவிக்க வேண்டும். பரங்காயில் சொல்லியாகிவிட்டதே என்று இருந்துவிடுகிறவர்கள் அபராதம் கட்டுகிறார்கள்.

பரங்காயின் உண்மையான பலம் பஞ்சாயத்தில் தெரியும். ஒரே நகரத்திலோ முனிசிபாலிட்டியிலோ குடியிருக்கும் இரண்டு தனிமனிதர்களுக்குள் தகராறு என்றால், நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் 'லூபோன்' எனப்படும் பரங்காய்ச் சமரசக் குழு. வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தராததுதான் நம்மவர்கள் கொண்டுபோகும் வழக்கமான புகார். ஒரு மாத வாடகை அட்வான்ஸ், இரண்டு மாதம் டெபாசிட் என்பது நடைமுறை. குடிபுகும் நாளிலேயே சுவர், குழாய், மின்மீட்டர் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவைத்தால் பேச்சு சுருங்கும். புகாரை வாயாலும் சொல்லலாம். முதல் 15 நாள் கபித்தானே பேசிப் பார்ப்பார். முடியாவிட்டால் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மூவர் குழு உட்காரும், அதற்கும் 15 நாள், தேவைப்பட்டால் இன்னொரு 15. வக்கீல் கூடாது. உள்ளூர் மொழியான தகாலோகில் பேச்சு ஓடும். புரியாமல் தலையாட்டாதீர்கள், உடன்பாட்டை உங்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதித் தரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுப் பத்து நாள் கடந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். உடன்படவில்லை என்றால் வழக்குத் தொடரச் சான்று தருவார்கள். அதை வைத்து 10,00,000 பெசோ வரையிலான சிறு வழக்கை வக்கீல் இல்லாமலே போடலாம். கூப்பிட்ட நாளில் புகார் கொடுத்தவரே வராவிட்டால் அந்த வழி அடைபடும். வீட்டுக்காரர் மணிலாவில் இருந்தாலோ, வீடு ஒரு கம்பெனி பெயரில் இருந்தாலோ லூபோனுக்கு அதிகாரம் இல்லை. அது தெரியாமல் இரண்டு மாதம் பரங்காய் வாசலில் காத்திருப்பவர்கள் உண்டு.

சாலையில் பள்ளம் என்றால் யாரிடம் போவது? கலம்பாவிலிருந்து சாந்தா குரூஸ் நோக்கிப் போகும் பெரிய சாலை தேசிய சாலை. அது மத்தியப் பொதுப்பணித் துறையின் பொறியியல் அலுவலகம் பார்ப்பது. மாகாண, முனிசிபல், பரங்காய்ச் சாலைகள் தனித்தனி. குடியிருப்பு வளாகத்தின் உள் சாலையை மனை போட்டவர் இன்னும் ஒப்படைக்காவிட்டால் மேயர் தார் போட மாட்டார், குடியிருப்போர் சங்கத்தைத்தான் பிடிக்க வேண்டும். 'காங்' முகம் போட்ட பலகை சாலையோரம் நிற்பதால் சாலை அவருடையது ஆகிவிடாது. மேயர் மேலும் கவர்னர் மேலும் அவருக்கு அதிகாரம் இல்லை. அவருடைய செல்வாக்கு மத்திய நிதியில்தான். 2025இல் வெள்ளத்தடுப்பு வேலைகளின் ஊழல் நாடு முழுக்கப் பேசப்பட்டபோது பொறியியல் அலுவலகங்கள் செய்தியில் அடிபட்டதும் அதனால்தான்.

டிரைசிகிளுக்கு (பக்கத்தில் இருக்கை இணைத்த மோட்டார் சைக்கிள்) உரிமம் தருவதும் கட்டணம் வைப்பதும் முனிசிபல் அவை. கட்டணப் பட்டியல் வண்டிக்குள் ஒட்டியிருக்கும். தனியாக ஏறினால் 'ஸ்பெஷல்' என்று கூட்டிக் கேட்பார்கள், ஏறும்முன் பேசிவிடுங்கள். தகராறு என்றால் வண்டியில் எழுதிய எண்ணைக் குறித்துக்கொண்டு முனிசிப்யோ போகலாம். ஜீப் வடிவச் சிற்றுந்தான ஜீப்னிக்கு அனுமதி மத்திய அமைப்பு தருவது, அங்கே மேயரிடம் முறையிட்டுப் பயனில்லை. குப்பையில் மக்குவதும் மறுசுழற்சிக்குப் போவதும் பரங்காய் பொறுப்பு, மிச்சம் முனிசிபாலிட்டி பொறுப்பு. பிரிக்காமல் வைத்த பை தெருவிலேயே கிடக்கும். லோஸ் பான்யோஸ் 2008லேயே பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்ட ஊர், சந்தைக்குத் துணிப்பையோடு போங்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு முனிசிபல் சுகாதார நிலையத்தில் கேளுங்கள், தடுப்பூசி போடும் மையத்தைச் சொல்வார்கள். புயல் நாளில் பள்ளி விடுமுறையை மேயரோ கவர்னரோ அறிவிப்பார்கள். பாயேயில் விடுமுறை, லோஸ் பான்யோஸில் பள்ளி என்று ஆவது சகஜம், பள்ளி இருக்கும் ஊரின் மேயர் பக்கத்தைப் பாருங்கள்.

தேர்தல் காலத்தில் மட்டும் கை கட்டி இருங்கள். கவர்னர், மேயர் தேர்தலுக்கு மே மாத இரண்டாவது திங்கட்கிழமை வாக்குப்பதிவு. வெளிநாட்டவர் எந்த வேட்பாளருக்கும் உதவுவதோ பணம் தருவதோ பிரசாரத்தில் கலந்துகொள்வதோ தேர்தல் சட்டத்தின் 81ஆம் பிரிவின்படி குற்றம், நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம். பக்கத்து வீட்டு ககாவாத் சிரித்துக்கொண்டே பெயர் அச்சிட்ட டி-ஷர்ட் நீட்டுவார். அன்போடு மறுத்துவிடுங்கள், வாங்கிக்கொண்டாலும் போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் நிற்காதீர்கள், அந்தப் படம் மறுநாளே இணையத்தில் வந்துவிடும். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாளும் அன்றும் மது விற்பனை கிடையாது, விருந்து வைத்திருந்தால் தேதியை மாற்றிவிடுங்கள்.