சட்டைப்பையில் ஒரு வேப்

"சிகரெட்டை விட்டாச்சு டாக்டர்" என்றவரின் சட்டைப்பையில் பேனா மாதிரி எட்டிப் பார்த்தது வேப், அதாவது மின்சிகரெட்.

கிரோன் நோய்க்காக, அதாவது குடலில் வரும் நாள்பட்ட அழற்சிக்காக, அவர் குடலை வெட்டி இணைத்து ஆறே வாரம்.

இந்த நோய் பெரும்பாலும் திரும்பி வருவது அந்த இணைப்புக்குச் சற்று மேலே, சிறுகுடல் பக்கம். முதலில் கடுகளவு புண்கள். வலியே இருக்காது. அதனால்தான் அறுவை முடிந்து 6 முதல் 12 மாதத்துக்குள் கொலனோஸ்கோப்பி, அதாவது குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது.

சிகரெட் பிடித்தால் நோய் திரும்பும் வாய்ப்பு சுமார் 2 மடங்கு.

வேப்பில் தார் இல்லை, சரி. நிகோட்டின் இருக்கிறதே? அது ரத்தக்குழாயைச் சுருக்கும்; இணைப்பு ஆறுவதோ ரத்த ஓட்டத்தை நம்பி. வேப் பற்றிய நீண்டகால ஆய்வுகள் குறைவு. 'ஆபத்தில்லை' என்று அதற்குப் பொருளல்ல.

திரவத்தில் நிகோட்டின் எத்தனை மில்லிகிராம் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தாலும் சிறுநீர் கோட்டினின் (நிகோட்டின் உடலில் மாறி உருவாகும் பொருள்) பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும்.