மலைக்கும் கடலுக்கும் நடுவுல கார் வராத ஒரு ரோடு

மலை நேரா கடல்ல இறங்குற ஊர்ல சைக்கிள் ஓட்டணும்னா ரெண்டே வழிதான், ஒண்ணு மலை ஏறணும், இல்லன்னா கடலோரமா போற ஒரே மெயின் ரோட்ல லாரி, பஸ், கார் எல்லாத்தோடயும் ஒட்டிக்கிட்டு போகணும். ரெண்டுமே எல்லாராலயும் முடியுற விஷயம் இல்ல. அதனாலதான் இத்தாலியோட லிகூரியா பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன், ஏன்னா அங்க மூணாவதா ஒரு வழி இருக்கு.

லிகூரியாங்கிறது ஜெனோவாங்கிற துறைமுக நகரத்துக்கு ரெண்டு பக்கமும் வில்லு மாதிரி வளைஞ்சு கிடக்குற ஒரு ஒல்லியான கடற்கரை. அதோட உச்சி சாக்கரெல்லோ மலை, 2,200 மீட்டர் உயரம், கடல்ல இருந்து பார்த்தா ஒண்ணும் பெரிய தூரம் இல்ல. சமதரைன்னு சொல்லிக்க அங்கங்க கொஞ்சம்தான் உண்டு, அதுல ஊர், வீடு, பூச்செடி வளர்க்குற கண்ணாடிக் கூடம், அவுரேலியாங்கிற அந்தக் கடலோர மெயின் ரோடு எல்லாம் நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கும். இந்த இடுக்குலதான் 1872ல ஜெனோவால இருந்து பிரான்ஸ் எல்லைல இருக்குற வெந்திமிலியா வரைக்கும் ரயில் பாதை போட்டு முடிச்சாங்க. ரயிலுக்கு ஏத்தம் ஆகாது, அதனால மலை குறுக்க வந்த இடத்துல எல்லாம் குடைஞ்சு, மீதி இடத்துல தண்ணிய ஒட்டியே தண்டவாளம் போட்டுட்டாங்க. ஆனா பல இடத்துல ஒத்தைத் தண்டவாளம்தான், எதிர் வண்டிக்காகக் காத்துக் கிடக்கணும், வளைவு வேற ஜாஸ்தி. அதனால 2001 செப்டம்பர்ல சான் லொரென்ஸோ அல் மாரேல இருந்து ஒஸ்பெதலெத்தி வரைக்கும் இருந்த பாதைய அப்படியே மலைக்குள்ள சுரங்கத்துக்கு மாத்திட்டாங்க, சான் ரெமோ ஸ்டேஷனே இப்போ பூமிக்கு அடியிலதான் இருக்கு.

அப்போ பழைய பாதை? கடல் பாக்குற இடம், ஏற்கனவே சமமா வெட்டி வெச்ச இடம், பில்டிங் கட்டுறவங்க கண்ணு எப்படிப் போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அத விக்காம, பார்க்கிங் ஆக்காம, சைக்கிளுக்கும் நடக்குறவங்களுக்கும் விட்டாங்க. இன்னைக்கு அது 24 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கார் கூட வராத பாதை. இத முடிவு பண்ணவங்க யாரா இருந்தாலும் நல்லா இருக்கணும்.

நான் அம்மாவக் கூட்டிக்கிட்டுதான் போனேன். அம்மா காலேஜ் நாள்ல சைக்கிள் ஓட்டினவங்க, அப்புறம் கல்யாணம், குழந்தை, வேலைன்னு தொடவே இல்ல. சான் லொரென்ஸோல வாடகை சைக்கிள் எடுத்தோம், ஆரம்பத்துல அம்மா நிமிஷத்துக்கு ஒரு தடவ திரும்பிப் பார்த்துக்கிட்டே வந்தாங்க, "ஏண்டி, பின்னாடி வண்டி ஏதும் வருதா பாரு"ன்னு. இங்க வண்டியே வராதும்மான்னு சொன்னாலும் நம்பிக்கை வரல. சாந்தோ ஸ்தெஃபனோ தாண்டினப்புறம்தான் கவனிச்சேன், திரும்பிப் பாக்குறத நிறுத்திட்டாங்க, கடலப் பாத்துக்கிட்டே எனக்கு முன்னாடி போய்க்கிட்டு இருந்தாங்க. கார் இல்லாத ரோடு எதுக்கு வேணும்னு யாராவது கேட்டா எனக்கு இதுதான் ஞாபகம் வரும். டிராஃபிக்குக்குப் பயந்து சைக்கிளையே விட்டவங்க நம்மள்ல எத்தன பேர் இருக்கோம், அவங்களுக்குத் திறமை இல்லாம விடல, இடம் இல்லாம விட்டாங்க.

கிழக்குல இருந்து மேற்க போனீங்கன்னா கடல் எப்பவும் இடது கைப் பக்கம் இருக்கும், நான் அந்தப் பக்கமாப் போறதத்தான் சொல்லுவேன். நடுவுல ரீவா லிகுரே, ஆர்மா தி தாஜ்ஜான்னு சின்னச் சின்ன ஊர். பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் சிலது காபி கடையாவும் சைக்கிள் வாடகைக் கடையாவும் மாறியிருக்கு. தாஜ்ஜாங்கிற ஊர் பேர்லதான் தாஜ்ஜாஸ்கான்னு ஒரு குட்டி ஆலிவ் வகையே இருக்கு. சாப்பாட்டுக்குக் கவலையே வேணாம், சைவம்னா ஃபரினாதா கேளுங்க, கடலைமாவுல தண்ணி, ஆலிவ் எண்ணெய், உப்பு சேர்த்துக் கரைச்சு பெரிய தட்டுல ஊத்தி அடுப்புக்குள்ள வெச்சு எடுக்குறது, ஓரம் மொறுமொறுன்னு நடுவுல மெத்துன்னு இருக்கும், மேல மிளகுத்தூள் போட்டு அம்மா ரெண்டாவது தட்டு வாங்கினாங்க. சான் ரெமோவோட சார்தெனைரா தக்காளி, பூண்டு, ஆலிவ் எல்லாம் போட்ட ரொட்டி, ஆனா அதுல நெத்திலி மாதிரி சின்ன மீன் இருக்கும், சைவக்காரங்க கேட்டு வாங்குங்க.

கால்ல தெம்பு மிச்சம் இருந்தா புஸ்ஸானா பக்கம் பாதைய விட்டு மேல ஏறி புஸ்ஸானா வெக்கியாங்கிற பழைய ஊருக்குப் போகலாம். 1887 பிப்ரவரி 23ல வந்த பூகம்பத்துல இடிஞ்சுபோய் ஜனங்க எல்லாம் கீழ புது ஊர் கட்டிக்கிட்டு இறங்கிட்டாங்க, ரொம்ப வருஷம் ஆளில்லாம கிடந்துச்சு, அப்புறம் 1950கள் கடைசில இருந்து ஓவியர்கள் சிற்பிகள் எல்லாம் வந்து அந்த இடிபாட்டுக்குள்ளயே குடியேறினாங்க. கூரை இல்லாத சர்ச் இன்னும் அப்படியே நிக்குது. ஏத்தம்தான், அதுவும் கார் வர்ற ரோடு, அதனால எல்லாருக்கும் சொல்ல மாட்டேன், அம்மாவ ஆர்மால ஒரு பெஞ்சுல உக்கார வெச்சுட்டு நான் மட்டும் போனேன்.

இந்தப் பக்கத்துல சைக்கிள்னா அது சாதாரண விஷயம் இல்ல, மிலான்–சான் ரெமோ ரேஸ் 1907ல இருந்து நடக்குது, கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர ஒரே நாள்ல ஓட்டுவாங்க. பெல்ஜியத்தோட பெரிய சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் ஏழு தடவ ஜெயிச்ச ரேஸ் இது. ரேஸோட கடைசிக் கட்டத்தக் கடுமையாக்கணும்னு 1960ல பொஜ்ஜோ மலையயும் 1982ல சிப்ரெஸ்ஸா மலையயும் சேர்த்தாங்க. அந்த ரெண்டு மலையும் நம்ம பாதைக்கு நேர் மேலதான் நிக்குது! பொஜ்ஜோ 3.7 கிலோமீட்டர் ஏத்தம், சராசரி சாய்வு நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மி, வாசிக்கும்போது ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், 280 கிலோமீட்டர் ஓட்டினப்புறம் அதுல வேகமாப் போறவங்களுக்குத்தான் தெரியும். அதே மலையச் சுத்திக்கிட்டுக் கடலோரமா, கியர் கூட மாத்தாம, அம்மாவும் நானும் பேசிக்கிட்டே போனோம்.

இத்தாலியச் சுத்தி மூணு வாரம் நடக்குற சைக்கிள் ரேஸ் ஜிரோ தித்தாலியா, 2015ல அதோட முதல் ஸ்டேஜையே இந்தப் பாதைலதான் வெச்சாங்க, சான் லொரென்ஸோல இருந்து சான் ரெமோ வரைக்கும் 17.6 கிலோமீட்டர் டீம் டைம் ட்ரையல், அதாவது ஒவ்வொரு டீமும் தனித்தனியா கிளம்பி நேரத்தோட போட்டி போடுறது, ஆஸ்திரேலியாவோட ஒரிக்கா கிரீன்எட்ஜ் டீம் ஜெயிச்சுது. நாம போற வேகத்துக்கும் அவங்க போன வேகத்துக்கும் சம்பந்தமே இல்லதான், ஆனா அதே தார்ல உருட்டுறோம்ங்கிறது ஒரு தனி சந்தோஷம்.

சான் ரெமோ தாண்டினதும் வர்ற காப்போ நேரோ சுரங்கத்தத் தவற விட்டுறாதீங்க. 1.75 கிலோமீட்டர் நீளம், உள்ள நல்லா லைட் இருக்கு, ஜூலை வெயில்ல நுழைஞ்சா சில்லுன்னு முகத்துல அடிக்கும், ஒரு மெல்லிசு ஜாக்கெட் வெச்சுக்கோங்க. உள்ள மிலான்–சான் ரெமோ வரலாற வருஷவாரியா எழுதி வெச்சிருக்காங்க, சைக்கிளை மெதுவா உருட்டிக்கிட்டே படிச்சுக்கிட்டுப் போகலாம். அந்தப் பக்கம் வெளிய வந்தா ஒஸ்பெதலெத்தி. சான் ரெமோக்குள்ளயே ஆல்ஃபிரட் நோபல் கடைசி காலத்துல இருந்த வீடும் இருக்கு, 1896ல அவர் இறந்தது அங்கதான்.

இப்போ லிகூரியாவோட இன்னொரு முனைக்கு வாங்க, ஜெனோவாவுக்குக் கிழக்க. சின்க்வே தெர்ரேன்னு பேர்போன அஞ்சு கடலோரக் கிராமங்களுக்குப் பக்கத்து ஊர் லெவாந்தோ, அங்க இருந்து பொனஸ்ஸோலா வழியா ஃப்ராமூரா வரைக்கும் இதே மாதிரி பழைய ரயில் பாதை, ஆறு கிலோமீட்டருக்குள்ளதான், ஆனா பாதிக்கு மேல சுரங்கம். ரெண்டு சுரங்கத்துக்கு நடுவுல திடீர்னு வெளிச்சம் வரும், கீழ குட்டியா ஒரு கடற்கரை, இறங்கிக் குளிச்சுட்டு மறுபடி ஏறி ஓட்டலாம். குழந்தைங்க இருந்தா இதத்தான் முதல்ல சொல்லுவேன்.

ஆனா ஃப்ராமூராவத் தாண்டினா கதை மாறிடுது. தெய்வா மரீனா, மொனேலியா பக்கமும் அதே பழைய ரயில் சுரங்கங்கள்தான், ஆனா அங்க அத காருக்குக் குடுத்துட்டாங்க. ஒத்தை வழி, சிக்னல் போட்டு முறை வெச்சு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்னு கார விடுறாங்க. சைக்கிள் மிதிக்குற இடமே இல்ல அது. மலைக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்த அந்த ஊர்களுக்கு வேற சுலபமான ரோடு இல்லன்னு புரியுது, அவங்களக் குத்தம் சொல்லவும் முடியல, ஆனாலும் அந்த சிக்னல் முன்னாடி நிக்கும்போது எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு. ஒரே ரயில், ஒரே மலை, ஒரு இடத்துல அம்மா மாதிரி ஆளுங்க பயமில்லாம ஓட்டறாங்க, இன்னொரு இடத்துல கார் வரிசை. யாரோ ஒரு மீட்டிங்ல எடுத்த முடிவுதானே ரெண்டும்.

போறவங்களுக்குச் சிலது. ஆகஸ்ட்ல போகாதீங்க, கடற்கரைக்கு வர்ற கூட்டம் எல்லாம் பாதைக்குக் குறுக்க நடக்கும், ஏப்ரல் மே இல்ல செப்டம்பர் கடைசி நல்லா இருக்கும். பெல் இருக்கான்னு பாத்து எடுங்க, நடக்குறவங்களும் அதே பாதைலதான் வருவாங்க. சொந்த சைக்கிள் கொண்டு போனா உள்ளூர் ரயில்ல சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுத்து ஏத்திக்கலாம், ஒரு பக்கம் ஓட்டிட்டு ரயில்ல திரும்பறதுதான் சுகம். சான் லொரென்ஸோவுக்குக் கிழக்க இருக்குற இம்பீரியா பக்கமும் 2016 கடைசில ரயில மலைக்குள்ள மாத்திட்டாங்க, அங்க விட்டுப்போன பழைய பாதையயும் கொஞ்சம் கொஞ்சமா சைக்கிளுக்கு மாத்திக்கிட்டு வர்றாங்க, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி இப்போ எது வரைக்கும் திறந்திருக்குன்னு ஒரு தடவ பாத்துக்கோங்க, அம்மா இப்பவே அந்தப் புதுத் துண்டு எப்போ முழுசா முடியும்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க.