நைனாவின் கொக்கி

நைனா, அதாவது என் அப்பா, ராத்திரி வீட்டுக்கு வந்தால், அன்றைக்கு சென்னை ஹார்பரில் எந்தச் சரக்கு இறங்கியது என்று ஆயா மோந்தே சொல்லிவிடும். மரக் கப்பல் என்றால் சட்டையில் பச்சை மர வாசனை. உரம் என்றால் கண் எரியும். கந்தகம் இறக்கிய நாளில் வாசலிலேயே நிறுத்தி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே விடும். மூட்டையைக் குத்தி இழுக்கிற கொக்கி அவர் தோளில் தொங்கும். தண்டையார்பேட்டை வீட்டில் அது இன்னும் இருக்கிறது. அம்மா அதில் வெங்காயக் கூடை மாட்டியிருக்கிறார்.

எதிர்வீட்டுப் பையன் இப்போது டிரெய்லர் ஓட்டுகிறான். "இன்னிக்கு என்னடா ஏத்துன?" என்றால், "யாருக்குண்ணா தெரியும், நாப்பதடி பெட்டி, சீல் போட்டிருந்துச்சு" என்கிறான். உலகமயமாக்கல் என்று யாராவது பேசினால் ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடம் எனக்கு ஞாபகம் வருவதில்லை, இந்தப் பதில்தான் வருகிறது.

1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி, அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் 58 கன்டெய்னர் பெட்டிகளை அனுப்பினார். மூட்டை மூட்டையாகச் சுமக்காமல், லாரிப் பெட்டியையே கிரேனில் தூக்கி வைத்துவிட்டார். அவ்வளவுதான் சங்கதி. ஒரு கேங் ஆட்கள் நாள்கணக்கில் செய்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. அப்புறம் கப்பல் பெருத்தது. அதற்கு ஆழம் வேண்டும், பெட்டி அடுக்க மைதானம் மைதானமாக இடம் வேண்டும். லண்டன் நகரத்துக்குள் அதற்கு வழியில்லை. 1802-ல் திறந்த வெஸ்ட் இந்தியா டாக்ஸ் என்ற துறைமுகத்தை 1980-ல் மூடினார்கள். சரக்கெல்லாம் கடலுக்குக் கிட்டே டில்பரி துறைமுகம் பக்கம் போனது. மூடிய இடத்தில் கேனரி வார்ஃப் என்று வங்கிக் கட்டடங்கள் எழும்பின. அங்கே வேலை பார்க்கிற சித்தி பையன் ஒரு போட்டோ அனுப்பினான். பழைய கிரேன்களை அழகுக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நைனாவிடம் காட்டினேன்.

"ஆளுங்க எங்க போனாங்க?" என்றார்.

நம்மூரில் கதை வேறு. கன்டெய்னருக்கென்றே இந்தியாவில் கட்டிய முதல் முனையம் 1983-ல் வந்தது நம் ஹார்பரில்தான். ஹார்பரும் ஊரை விட்டுப் போகவில்லை. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரத்து மொட்டைமாடிகளில் வெள்ளைத் துணி காயப்போட முடிந்தது. (எண்ணூர்க்காரர்களைக் கேட்டால் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வார்கள்.) பெட்டி மட்டும் பெருகிக்கொண்டே போக, ரோடு அதே ரோடுதான். ஹார்பரின் ஜீரோ கேட்டுக்குப் போகிற டிரெய்லர்கள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வால் நீட்டி நிற்கும். வண்டிக்கடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்குகிற வடநாட்டு டிரைவர்கள், நடுவில் புகுந்து போகிற மீன் ஆட்டோக்கள், ஸ்கூல் பிள்ளைகள். மெட்ரோ வந்தது நல்லதுதான்; அது பூமிக்கு அடியிலும் தலைக்கு மேலேயும் போகிறது.

காலையில் பால் வாங்கப் போகிற நைனா, நிற்கிற டிரெய்லர் பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வருவார். போன வாரம் பெட்டிக் கதவு இடுக்கில் மூக்கை வைத்தே பார்த்தார்.

"என்ன நைனா, என்ன சரக்கு?"

"ஒண்ணும் தெரியலடா. டீசல் நாத்தம்தான் வருது."