நூல் 20 செ.மீ.

வகுப்பில் செய்த பாராசூட் சோதனையில் நூலின் நீளத்தை மாற்றக் கூடாது என்று நான் சொன்னதில் தப்பு இருப்பதாக இன்னும் தோன்றவில்லை. ஆனால் மாணவி ஒருத்தி கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பதும் நிஜம்.

ஏழாம் வகுப்பு, பாராசூட் சோதனை. குப்பைக் கவரில் வெட்டிய சதுரங்கள் 20, 30, 40 செ.மீ. நான்கு மூலையிலும் தையல் நூல், எல்லாவற்றுக்கும் 20 செ.மீ. கீழே ஒரே எடையில் இரும்பு நட்டு. மாடி வராந்தாவிலிருந்து ஒவ்வொன்றையும் மூன்று தடவை விட்டு, சராசரி எடுக்க வேண்டும். மாற்றுவது குடையின் அளவை மட்டும், மற்றதெல்லாம் அப்படியே. இதைப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கொஞ்சம் அசந்தால் ஒருவன் நட்டை மாற்றியிருப்பான், இன்னொருவன் ஸ்டூலில் ஏறி நின்று விடுவான்.

பெரிய குடை முழுசாக விரியவே இல்லை. வாய் குறுகி, ஆடி ஆடி இறங்கியது. நடுக் குடைக்கும் அதற்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ‘அளவைக் கூட்டிப் பயன் இல்லை’ என்று ஒரு குழு முடிவே எழுதிவிட்டது.

அந்தப் பெண் மட்டும் எழுதவில்லை. “மிஸ், பெரிய ஆளுக்குச் சின்னச் சட்டையை மாட்டிட்டு ஓடச் சொல்றோம். நூலையும் அதே கணக்குல கூட்டணும்.”

“அப்ப ரெண்டை மாத்தினதா ஆயிடும்ல?”

“இப்ப மட்டும் என்ன தெரிஞ்சுது மிஸ்?”

“முதல்ல இதை எழுதி முடிம்மா” என்றேன்.

வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 செ.மீ. சதுரத்தில் நடுவிலிருந்து மூலைக்கே 28 செ.மீ. 20 செ.மீ. நூலில் அது எப்படி விரியும்? அவளும் ஒன்றை மாற்றாமல்தான் வைக்கச் சொன்னாள். நீளத்தை அல்ல, விகிதத்தை. 2012-ல் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தியைச் செவ்வாயில் இறக்கிய பாராசூட்டின் குடை விட்டம் சுமார் 16 மீட்டர். கயிறுகளோடு சேர்த்து நீளம் 50 மீட்டருக்கு மேல். அங்கே கயிற்றை விட்டுவிட்டுக் குடையை மட்டும் யார் பேசுவார்கள்?

அந்தப் பாராசூட்டைச் செய்தவர்களும் பள்ளியில் ஒன்றை மட்டும் மாற்றித்தான் பழகியிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது எனக்கு எப்படித் தெரியும்?

விகிதம் ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது, ‘தெரியாத பாடம்’ என்றும் தப்பிக்க முடியாது. ஆனால் சோதனைத் தாளில் உள்ள ‘மாற்றாமல் வைத்தவை’ கட்டத்தில் விகிதத்தை எழுதச் சொன்னால் பாதி வகுப்பு குழம்பும். குழம்பட்டுமே என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள், நட்டை மாற்றியவன் ஞாபகத்துக்கு வருகிறான். அவனுக்கு முதலில் ஒன்றை மட்டும் மாற்றத் தெரியட்டும்.

இந்த வருடத் தாளையும் நூல் வரியில் கை வைக்காமல்தான் ஜெராக்ஸுக்குக் கொடுத்திருக்கிறேன்.