கேள்விக்கு முன்னால் ஒரு 'ங்க'

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் ரிசப்ஷனில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஏப்ரல் சீசன். வெளிநாட்டு அம்மா ஒருவர் அறைச் சாவியோடு வந்து தயங்கி நின்றார். "வாட் இஸ் யுவர் ப்ராப்ளம்?" என்றேன். மனதுக்குள் நான் கேட்டது, "என்ன பிரச்சினைங்க?" அவர் முகம் சட்டென்று சுருங்கியது. ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறிவிட்டார்.

கூட இருந்த அக்கா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அது சண்டைக்கு நிக்கிறவன் கேக்குற கேள்வி. 'ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ'னு கேளு."

நமக்கு மரியாதை சொல்லின் வாலில் இருக்கிறது. 'பேர் என்ன' என்பதோடு ஒரு 'ங்க' சேர்த்தால் போதும். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் 'தௌ', 'யூ' என்று நீயும் நீங்களும் தனித்தனியே இருந்தன. 'தௌ' பொதுப் பேச்சிலிருந்து போய் நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. இப்போது துரைக்கும் 'யூ', பிள்ளைக்கும் 'யூ'. அதனால் மரியாதையைக் கேள்வியின் தலையிலேயே வைக்க வேண்டியிருக்கிறது: 'மே ஐ ஹேவ் யுவர் நேம்?', 'குட் ஐ சீ யுவர் பாஸ்போர்ட்?' 'கேன்' என்பதைவிட 'குட்' மென்மை. இறந்தகால வடிவம்தான், ஆனால் அங்கே காலம் ஒன்றும் இல்லை. கேட்பவர் ஓரடி தள்ளி நின்று, மறுக்கவும் இடம் விடுகிறார். கடைசியில் 'ப்ளீஸ்' ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகாது. 'ஒய்' என்று தொடங்கினால் 'ப்ளீஸ்' போட்டாலும் விசாரணைதான்.

'வுட் யூ மைண்ட்' பழக இன்னும் நாளானது. மேசையைப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று அப்படிக் கேட்டால், 'நோ' என்பதுதான் சம்மதம். உங்களுக்குச் சிரமமா என்றல்லவா கேட்கிறோம்.

அந்த அம்மாவின் முகம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் தமிழ் படித்த கைநூல் ஒன்றின் பெயரே 'இங்கே வா'. தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற என் அப்பாயியை எந்தத் துரையும் 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த என் வாயிலிருந்தா அந்தக் கேள்வி வந்தது?

இரண்டு நாள் கழித்து அவர் புறப்படும்போது கேட்டேன்: "மே ஐ ஆஸ்க் இஃப் த ரூம் வாஸ் வார்ம் எனஃப்?" கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். ஹீட்டரில் தொடங்கி, காலைப் பனி, ஜன்னலில் தெரிந்த தேயிலை மலை என்று பேசிக்கொண்டே இருந்தார். நானுஓயாவில் ரயிலுக்கு நேரமாகிறது என்று டிரைவர் வந்துதான் கூட்டிப் போனார்.